சனிக்கிழமை யாருடையது?

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் பிள்ளைகள் கெட்டழிகின்றனர் என்னும் ஓலம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 1983 யூலைக்குப் பின் எமது மக்கள் பல்லாயிரக்கணக்கில் லண்டனுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் பெயர்ந்த நாள் முதலாக, கோயில் மண்டபங்களிலும் ஆண்டுவிழா மேடைகளிலும் பண்பாட்டுக் காவலர்கள் இவ்வோலத்தை எழுப்பியே வருகின்றனர். "பிள்ளைகளுக்கு ஓய்வு கூடிவிட்டது. ஓய்வே ஒழுக்கக்கேட்டின் ஊற்று. ஆகவே ஓய்வை வகுப்புகளால் நிரப்புங்கள்" என்பதே இக்கனவான்களது உபதேசத்தின் சாரம்.

இவ்வுபதேசத்தை நாம் அடியோடு மறுக்கிறோம். அப்பிள்ளைகளுக்கு ஓய்வு கூடிவிடவில்லை. இருந்த ஓய்வும் பறிபோய்விட்டது. பறித்த கைகளைத் தேடி அந்நியப் பண்பாட்டிடம் போகவேண்டியதில்லை. பெற்றோரைப் பிழியும் கூலி உழைப்பு, பரீட்சையை விற்றுப் பிழைக்கும் சந்தை, யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டியிற் கட்டிக்கொண்டுபோன மத்தியதர வர்க்கக் கௌரவம் ஆகிய மூன்றுமே அக்கைகள். மூன்றாவது கையை வளர்த்துவிட்டதில் ஆசிரியர்களாகிய எமக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

சென்ற நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எமது அயல்வீட்டிற்கு லண்டனிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பத்து வயதுப் பையன் ஒருவன். மாலையில் ஒழுங்கைப் பிள்ளைகள் மணலிற் கோடு கீறிக் கிளித்தட்டு மறிக்கத் தொடங்கினர். "நீயும் போய் விளையாடன்" என்றார் தாயார். அவன் நகரவில்லை. "எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்டான். பிறகு, சற்று யோசித்து, "ஆர் படிப்பிக்கிறது?" என்றான். தாயார் சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை. தொடக்க நேரமும் முடிவு நேரமும் கட்டணமும் ஆசிரியரும் இல்லாத ஒரு செயல் உலகில் உண்டு என்பதையே அந்தப் பிள்ளை அறிந்திருக்கவில்லை.

ஒரு சிறுவனை வைத்து ஒரு சமுதாயத்துக்குத் தீர்ப்புக் கூறலாமா என வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எம்முடன் ஒரே வாங்கிலிருந்து படித்த பலர் இன்று லண்டனிற் பெற்றோராயிருக்கின்றனர். அவர்களிடம் விசாரித்தோம். ஒருவர் தம் மகளின் வாரத்தை எமக்குக் கணக்கிட்டுத் தந்தார். அதனை அப்படியே வாசகர் முன் வைக்கிறோம்.

பாடசாலை காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் மூன்றரை வரை. வாரத்தில் முப்பத்திரண்டரை மணித்தியாலம். செவ்வாயும் வியாழனும் மாலையிற் கணித, ஆங்கில வகுப்புகள், நான்கு மணித்தியாலம். சனிக்கிழமை காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை, வாடகைக்கு எடுத்த பாடசாலைக் கட்டடமொன்றில் தமிழ். அதே நாள் பிற்பகல் இரண்டு மணித்தியாலம் பரதநாட்டியம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு வயதுப் பரீட்சைக்கான பயிற்சி நான்கு மணித்தியாலம். கூட்டினால் நாற்பத்தாறரை. வீட்டுவேலை என்ற பெயரில் நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைச் சேர்த்தால் ஐம்பதைத் தாண்டுகிறது. அச்சிறுமிக்கு வயது ஒன்பது.

இங்கிலாந்தில் 1998இல் நடைமுறைக்கு வந்த வேலைநேர ஒழுங்குவிதிகள், வளர்ந்த ஒரு தொழிலாளியின் வேலைநேரத்துக்கு வாரத்திற்குச் சராசரி நாற்பத்தெட்டு மணித்தியாலம் என எல்லை விதித்துள்ளன. தொழிலாளி தானே கையொப்பமிட்டு இணங்கினாலன்றி அந்த எல்லையை மீறலாகாது. ஒன்பது வயதுப் பிள்ளை அதனை மீறி உழைக்கிறாள். அவளிடம் கையொப்பம் கேட்டவர் யார்?

1866இல் ஜெனீவாவிற் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் சங்கத்தின் மகாநாட்டுக்காக மார்க்ஸ் எழுதிய அறிவுறுத்தல்களை எமது இளம் வாசகர் அறிந்திருத்தல் நன்று. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம்; ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு இரண்டே மணித்தியாலம் என அவை உழைப்புக்கு வரம்பு வகுத்தன. ஆலைப் புகையினுள் நின்று அவ்வரம்பு கேட்கப்பட்டது. ஆலைக் கதவு பிள்ளைகளுக்கு மூடப்பட்ட பின், அந்த வரம்பை வீட்டினுள்ளேயே நாம் உடைத்துவிட்டோம். இதனை முன்னேற்றம் என்று அழைப்பதா?

ஆயினும் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. அவர்களது நாளையும் பார்க்கவேண்டும். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்யும் தந்தை, பகலில் உறங்கும் வேளையில் வீட்டில் ஒலி எழலாகாது. பல்பொருள் அங்காடியிற் காசாளராக நிற்கும் தாய் மாலை ஏழுக்கு வீடு சேர்கிறாள். சிறுகடை நடத்தும் குடும்பத்தின் பிள்ளையோ கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு வெறும் பெட்டியின்மேல் அமர்ந்து பாடம் எழுதுகிறது. வாடகையும் வீட்டுக் கடனும் இரண்டு சம்பளங்களை விழுங்குகின்றன. ஊருக்கு அனுப்பவேண்டிய காசு மூன்றாவது சம்பளத்தைக் கேட்கிறது. இந்நிலையில் வகுப்பு என்பது பிள்ளையைப் பாதுகாப்பாக விட்டுச்செல்வதற்கான இடமுமாகிறது. ஊரில் பாட்டியும் மாமியும் முற்றமும் செய்த வேலையை அங்கு காசு கொடுத்து வாங்கவேண்டியிருக்கிறது.

இதற்கு மேலாக, வேறொரு வேலையும் பிள்ளைகளின் தோளில் விழுகிறது. ஆங்கிலம் வசப்படாத பெற்றோருக்கு வைத்தியசாலையிலும் வங்கியிலும் மொழிபெயர்ப்பவர் யார்? குடிவரவுத் திணைக்களத்தின் கடிதத்தைப் பிரித்து, "அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது" என்ற வரியைத் தாய்க்கு வாசித்துக் காட்டுபவர் யார்? பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையேதான். அந்தக் கடிதத்தை மடித்துவைத்துவிட்டு அப்பிள்ளை எவ்வாறு விளையாடப் போகும்?

பரீட்சைச் சந்தையின் கதை இதனினும் கொடியது. பதினொரு வயதிலேயே பிள்ளைகளைப் பொறுக்கிப் பிரிக்கும் முறையைக் கைவிட்டு, அனைவருக்குமான பொதுப் பாடசாலைகளை அமைக்குமாறு 1965இல் இங்கிலாந்தின் தொழிற்கட்சி அரசாங்கம் உள்ளூராட்சி மன்றங்களைக் கேட்டது. பெரும்பாலான இடங்கள் மாறின. ஆயினும் 163 இலக்கணப் பாடசாலைகள் இன்னும் எஞ்சி நிற்கின்றன. எம்மவர் திரளாக வாழும் கிங்ஸ்ரன், சட்டன் போன்ற பகுதிகளிலும் அவை உண்டு. ஏழைப் பிள்ளைக்கு ஏணியாகும் என்று புகழப்படும் அப்பாடசாலைகளில், இலவச மதிய உணவுக்கு உரித்துடைய ஏழைப் பிள்ளைகள் மிகச் சொற்பமே. ஏணியின் முதற்படி தனியார் வகுப்புக் கட்டணமாகிவிட்ட பின் வேறென்ன நடக்கும்? அந்தக் கட்டணத்தைக் கட்டுவதற்காகத் தந்தை இன்னுமோர் இரவு வேலையை ஏற்கிறார். தந்தை வீட்டில் இல்லாத அவ்வேளையை நிரப்ப இன்னுமொரு வகுப்பு வேண்டியதாகிறது. செக்கு இவ்வாறே சுற்றுகிறது.

இச்செக்கை எம்மவர் லண்டனிற் கண்டுபிடித்தனரா? இல்லை. அது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையின் மறுபதிப்பே. 1940களில் இலவசக் கல்வியும் மத்திய கல்லூரிகளும் உருவானபோது, கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் வாயிலைத் திறப்பதே புலமைப்பரிசிலின் நோக்கமாயிருந்தது. இன்று அது பத்து வயதுப் பிள்ளைகளின் முகங்களைப் பதாகையில் அச்சிட்டுத் தனியார் கல்வி நிலையங்கள் மதில்களிற் கட்டும் விளம்பரமாகிவிட்டது. வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளை அந்த மதிலைக் கடந்து நாள்தோறும் பாடசாலைக்கு வருகிறது. அதன் முகத்தைப் பார்க்காத ஆசிரியர் எம்மில் எவருளர்?

இப்பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் மறக்கவில்லை. வறண்ட நிலம், சிறு தோட்டம், உத்தியோகமே மீட்சி என்று வாழ்ந்த சமுதாயம் எம்முடையது. 1956இன் தனிச் சிங்களச் சட்டம் அந்த உத்தியோகத்தில் அடித்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் பல்கலைக்கழக வாயிலில் அடித்தது. பின்னர் யுத்தம் வீட்டையும் காணியையும் தின்றது. அழிக்க முடியாத ஒரே சொத்துக் கல்விதான் என்று ஒரு தலைமுறை நம்பியதில் வியப்பில்லை. ஆயின் காயத்தைக் காட்டிக் கடிவாளத்தை நியாயப்படுத்தலாகாது. எமக்கு நேர்ந்த அநீதியின் வட்டியைப் பிள்ளையின் சனிக்கிழமையிலிருந்து அறவிடுவதற்கு எமக்கு என்ன உரிமை?

கல்வியின் பெயராலாவது சிறிது நியாயம் பேசலாம். கௌரவத்துக்கு அதுவும் இல்லை. அரங்கேற்றம் என்னும் சடங்கைப் பாருங்கள். பல ஆயிரம் பவுண் செலவில் மண்டபம், சென்னையிலிருந்து பக்கவாத்தியக்காரர், பட்டுச் சேலைகள், வீடியோப் பிடிப்பு, விருந்து! நடனக் கலைக்கு நாம் பகைவரல்லர். ஆடும் பிள்ளைக்கு ஆட்டத்தில் ஆனந்தம் இருந்தால் அதனினும் சிறந்த ஓய்வு இல்லை. ஆனால் அரங்கேற்றத்துக்கு மறுநாளே சலங்கையைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு மீண்டும் தொடாத பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் ஆடியது தமக்காகவா, பெற்றோரின் விருந்தினருக்காகவா? அரங்கேற்றம் செய்த வீட்டைப் பார்த்துச் செய்யமுடியாத வீடு கடன்படுகிறது. ஊரிற் சாதியும் சீதனமும் காட்டிய இடத்தை அங்கு சலங்கை காட்டுகிறது.

பெண்பிள்ளையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அண்ணனுக்கு வகுப்பு முடிந்தாற் பந்தாட்டம் உண்டு. தங்கைக்கு வகுப்பு முடிந்தாற் சமையலறையும் சின்னத் தம்பியும் உண்டு. சாமத்தியச் சடங்கு மண்டபத்தில் அமர்க்களமாக நடந்த பின், அவள் பூங்காவுக்குப் போவதே விசாரணைக்குரிய விடயமாகிவிடுகிறது. "எங்கட கலாசாரம்" என்ற சொல் அவ்வீட்டில் அவளது வெளிவாயிற் பூட்டாகவே பயன்படுகிறது.

"அப்படியாயின் தமிழ்ப் பாடசாலைகளை மூடிவிடச் சொல்கிறீரா? பிள்ளைகள் தமிழை மறந்துவிடாவா?" என்று காவலர் கேட்பர். மூடச் சொல்லவில்லை. வார இறுதியைத் துறந்து, பலர் ஊதியமேயின்றி, குளிரில் வந்து கற்பிக்கும் அவ்வாசிரியர்களை நாம் வணங்குகிறோம். ஆனால் எமது அயல்வீட்டுச் சிறுவனுக்குத் திரும்புவோம். அவன் நான்கு ஆண்டுகள் தமிழ் வகுப்புக்குப் போனவன். ஒளவையின் வாக்குகளை ஒப்புவிப்பான். பரீட்சையில் விசேட சித்தி. ஊர் வந்த மூன்றாம் நாளே கிளித்தட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றான். பத்தாம் நாள், கோட்டை மிதித்துவிட்டு மறுத்த ஒருவனைப் பார்த்து, "கள்ள விளையாட்டு விளையாடாதை!" என்று ஒழுங்கை அதிரக் கத்தினான். அவன் வாயில் தமிழ் உயிர்பெற்ற கணம் அதுவே. மொழி சண்டைபோடவும் சமாதானமாகவும் தேவைப்படும்போதுதான் பிள்ளையிடம் ஒட்டுகிறது. சான்றிதழுக்காகக் கற்ற தமிழ் சான்றிதழோடு சட்டகத்துள் மாட்டப்படும். கோடு கீறவும் கதை சொல்லவும் சிரிக்கவும் இடங்கொடாத தமிழ் வகுப்பு, தான் காக்க எண்ணும் மொழியையே பிள்ளைக்குத் தண்டனையாக்கிவிடுகிறது.

எஞ்சிய இடைவெளிகளைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொள்கிறது. "எந்நேரமும் போன்" என்று பிள்ளையைத் திட்டுபவர், இரண்டு வகுப்புகளுக்கு இடையே காரின் பின்னாசனத்தில் இருபது நிமிடத்தை மட்டும் பெற்ற பிள்ளை வேறெதனை விளையாடும் என்று சொல்லட்டும்.

அரசுகளையும் நாம் விட்டுவிடலாகாது. ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயம் தன் 31ஆம் உறுப்புரையிற் கூறுகிறது. 1991இல் இலங்கையும் பிரித்தானியாவும் கனடாவும் அதனை ஏற்றுக் கையெழுத்தை உறுதிசெய்தன. அதே பிரித்தானியாவில் 2010இன் பின் வந்த சிக்கனக் கொள்கை நூற்றுக்கணக்கான இளைஞர் நிலையங்களையும் நூலகங்களையும் மூடியது. காசுள்ளவன் பிள்ளைக்கு விளையாட்டுக் கழகம். இல்லாதவன் பிள்ளைக்கு நான்காம் மாடிச் சன்னல்.

வேறு விதமான காலமும் அந்நாட்டில் இருந்தது. 1943இல், யேர்மானிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த கொப்பன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில், பலகையும் கழிவுப் பொருளும் கொண்டு பிள்ளைகளே கட்டியும் இடித்தும் விளையாடும் திடலொன்று திறக்கப்பட்டது. போருக்குப் பின் அதனைக் கண்ட அலன் சீமாட்டி லண்டனில் அவ்வெண்ணத்தைப் பரப்பினார். 1948இல் கம்பவெல் பகுதியில், குண்டுவீச்சில் இடிந்த நிலத்திலே அத்தகைய திடல் எழுந்தது. யுத்தத்தின் இடிபாட்டை விளையாட்டுத் திடலாக மாற்றிய நகரம் அது. யுத்தத்திலிருந்து தப்பியோடிய எமது மக்களின் பிள்ளைகளுக்கு அதே நகரில் விளையாட நேரமில்லை என்பது எத்தகைய கொடுமை!

ஆகவே நாம் சொல்வது இதுதான். லண்டனில் வாழும் எம்மவரே, மண்டபத்துக்குக் கொட்டும் பணத்திலும் உழைப்பிலும் ஒரு பங்கை, உங்கள் தெருவில் மூடப்படும் நூலகத்தையும் இளைஞர் நிலையத்தையும் மீட்கும் போராட்டத்துக்குக் கொடுங்கள். அப்போராட்டத்தில் வங்காளித் தாயும் சோமாலியத் தந்தையும் ஆங்கிலேயத் தொழிலாளியும் உங்கள் அருகில் நிற்பர். அவர்களது பிள்ளைகளும் அதே சன்னலில்தான் நிற்கின்றன. தமிழ்ப் பாடசாலைகளில் ஒரு மணித்தியாலத்தையேனும் புத்தகமின்றி விடுங்கள். வாரத்தில் ஒரு நாளைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுங்கள்.

இங்குள்ள ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு சொல். வகுப்பறையில் முடிக்காத பாடத்தை ஞாயிற்றுக்கிழமை கட்டணத்துக்கு முடிப்பவர் எம்மிடையே உளர். அந்த ஞாயிற்றுக்கிழமை எம்முடையதன்று, பிள்ளையினுடையது. எட்டு மணித்தியால உழைப்புக்காக மேதினத்திற் செங்கொடி ஏந்தும் கை, மறுநாள் பத்து வயதுப் பிள்ளையிடம் பத்து மணித்தியால உழைப்பைக் கேட்கலாமா? முதலில் எமது ஒழுங்கையிற் கோடு கீறுவதற்கு வழிவிடுவோம். "எத்தனை மணிக்கு முடியும்?" என்று இனி ஒரு பிள்ளை கேட்டால், "இருட்டும் வரை விளையாடு" என்று விடை சொல்லக்கூடிய ஆசிரியராய் இருப்போம்.