மூச்சு விட்டால் முதுகு நிமிருமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. நாலு மாதத்துக்கு முன்னால் சடங்கு வைத்தோம். தாவணி கட்டிவிடும்போதுதான் கவனித்தேன், முதுகில் வலது பக்கம் புடைத்திருந்தது. எக்ஸ்ரே எடுத்ததில் ‘ஸ்கோலியோசிஸ், 28 டிகிரி வளைவு’ என்றார்கள். பெல்ட் போடச் சொல்கிறார் டாக்டர். மகளோ, ‘பெல்ட் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போக மாட்டேன்’ என்று அழுகிறாள். ‘குற்றாலத்தில் மசாஜ் செய்து, மூச்சுப்பயிற்சி செய்தால் தானாக நிமிர்ந்துவிடும்’ என்கிறார் என் நாத்தனார். எதைக் கேட்பது?
- வாசகி, தென்காசி

பதில்: முதலில் ஒரு விஷயம். இதில் உங்கள் தவறோ மகளின் தவறோ எதுவுமில்லை. கூன் போட்டு உட்கார்ந்ததாலோ, புத்தகப் பை சுமந்ததாலோ இது வருவதில்லை. வளரும் பருவத்தில் 100 பிள்ளைகளில் 2, 3 பேருக்கு இந்த வளைவு இருக்கிறது. பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை.

மூச்சுப்பயிற்சி நல்லதுதான். ஆனால், அது மட்டும் போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்கோலியோசிஸில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு கொடி மாதிரி முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. அதனால் ஒரு பக்க விலா எலும்புகள் புடைத்து நிற்கும். மறுபக்கம் நெருங்கிப் பள்ளமாகும். மூச்சு எப்போதும் எளிதான வழியில்தான் போகும். நாம் சாதாரணமாக இழுத்துவிடும் மூச்சு, ஏற்கெனவே விரிந்திருக்கும் பக்கத்துக்கே அதிகம் போகிறது. பள்ளமான பக்கம் பட்டினி கிடக்கிறது.

இதைத் தன் உடம்பிலேயே கண்டுபிடித்தவர் கேத்தரினா ஷ்ரோத். 1894-ல் ஜெர்மனியில் பிறந்தவர். அவருக்கும் இதே வளைவு. சின்ன வயதில் இரும்புக் கவசம் மாட்டிவிட்டிருந்தார்கள். பலூனில் காற்று நிரம்பினால் அமுங்கிய இடம் எழும்புகிறதே என்று யோசித்தார். கண்ணாடி முன் நின்று, பள்ளமான இடத்துக்கு மூச்சைச் செலுத்திப் பழகினார். 1921-ல் சிகிச்சை நிலையமே தொடங்கினார். இன்று உலகமெங்கும் பிசியோதெரபிஸ்ட்டுகள் கற்றுத்தரும் ‘ஷ்ரோத் முறை’ அவருடையதுதான்.

வீட்டில் செய்யும் அடிப்படைப் பயிற்சி

* கண்ணாடி முன் ஸ்டூலில், பாதம் தரையில் பதிய உட்கார வேண்டும். உச்சந்தலையை யாரோ மேலே தூக்குவதுபோல் நிமிர வேண்டும்.
* பள்ளமான விலாப் பக்கத்தில் உள்ளங்கையை வைக்க வேண்டும்.
* மூக்கு வழியாக, 4 எண்ணும் வரை மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். கை வெளியே தள்ளப்பட வேண்டும். தோள்கள் தூக்கக் கூடாது.
* நிமிர்ந்தபடியே, வாய் வழியாக 6 எண்ணி மூச்சை விட வேண்டும்.

காலையும் மாலையும் 10 முறை போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். கையை எந்த இடத்தில் வைப்பது என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். எக்ஸ்ரேயைப் பார்த்து பிசியோதெரபிஸ்ட் தொட்டுக் காட்டிய பிறகே தொடங்குங்கள்.

பெல்ட் எதற்கு?

பூப்பெய்தியபின் சுமார் இரண்டு வருடம் எலும்பு வளரும். வளைவு கூடும் காலமும் அதுதான். வளரும் வயதில் 25 முதல் 40 டிகிரி வரை இருந்தால் பெல்ட் போடச் சொல்வது வழக்கம். 50 டிகிரியை நெருங்கினால் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டிவரும். 2013-ல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில், பெல்ட் போட்டவர்களில் 100-க்கு 72 பேருக்கு வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. பெல்ட் போடாமல் கண்காணிப்பில் இருந்தவர்களில் அது 48 பேர்தான். அதிக நேரம் போட்டவர்களுக்கு அதிகப் பலன் கிடைத்தது.

பெல்ட் புடைத்த பக்கத்தை வெளியிலிருந்து அழுத்தும். பள்ளமான பக்கத்தில் இடம் விட்டிருக்கும். அந்த இடத்தை உள்ளிருந்து நிரப்புவது மூச்சு. இரண்டும் கூட்டாளிகள், ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை.

மசாஜ் உடம்பு வலிக்கு இதம் தரலாம். வளைவை நிமிர்த்தாது. முதுகை இழுத்து நெட்டி முறிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். அதைவிட, ‘அடுத்த சீசனில் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய நஷ்டம். போன வளர்ச்சி திரும்பி வராது. 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, தென்காசியிலோ திருநெல்வேலியிலோ எலும்பு டாக்டரிடம் காட்டி அளவு பாருங்கள்.

மகளிடம் என்ன சொல்வது?

‘கல்யாணத்துக்கு யார் வருவா?’ என்ற பேச்சு அவள் காதில் விழவே கூடாது. உசேன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ் உண்டு என்று சொல்லுங்கள். உள்ளே பருத்தி பனியன், மேலே கொஞ்சம் தொளதொளப்பான சட்டை போட்டால் பெல்ட் அவ்வளவாக வெளியே தெரியாது. வகுப்பு ஆசிரியையிடம் நீங்களே போய்ப் பேசிவிடுங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரம் போட்டு, மெல்ல மெல்லக் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சாரல் காலத்தில் தொடங்கினால் புழுக்கமும் குறைவு.

குளிக்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிடலாம். எனவே சீசனில் எல்லாப் பிள்ளைகளையும் போல அவளையும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போங்கள். மசாஜுக்கு அல்ல, ஆசை தீரக் குளிக்க!