பாசியைக் கொன்றால் போதுமா?

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்போரின் தீராத தலைவலி, மணலிலும் கண்ணாடியிலும் செந்நிறத்தில் படரும் வழுவழுப்பு. பாசி என்கிறோம், உண்மையில் அது சயனோபாக்டீரியா என்னும் பாக்டீரியா. அதனாலேயே எரித்ரோமைசின் மருந்தைக் கரைப்போர் உண்டு. இது தவறான வழி என்பதே என் கருத்து. கழிவைச் சிதைத்து நீரைக் காக்கும் நல்ல பாக்டீரியாவையும் அம்மருந்து தாக்கக்கூடும். வழுவழுப்போ மீண்டும் வரும்.

மூல காரணம் என்ன? மீன்கள் தின்றது போக மிஞ்சிய இரை அழுகி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்வதே. எனவே இரையைக் குறைப்போம். படர்ந்ததை உறிஞ்சி எடுத்து, வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவோம். விளக்கெரியும் நேரத்தைச் சுருக்குவோம். நீரோட்டம் தேங்காமல் காப்போம்.

மலைமேல் வாழும் நமக்குக் கடல்நீர்ப் பேச்சு எதற்கு என்பீர்கள். நம் கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கின்றன. வயலில் நாம் மிகையாக இடும் உரமும் அவ்வழியே செல்லும். நுண்ணுயிர் அளவு மீறினால் கடலும் தாங்காது: 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூக்கா பெருகி, நீர் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. தொட்டி நீரை நாம் மாற்றிவிடலாம். கடல் நீரை யார் மாற்றுவது? ஆகவே நண்பர்களே, தொட்டிக்கு இரையையும் வயலுக்கு உரத்தையும் அளந்தே இடுவோம்.