மலையைச் சுமந்தவர்கள்

சுசீந்திரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் மருந்துவாழ்மலையைப் பார்க்காமல் கடக்க முடியாது. சஞ்சீவி மலையை இலங்கைக்குத் தூக்கிச் சென்ற அனுமன் கையிலிருந்து உதிர்ந்த துண்டு அது என்பது எங்கள் பக்கத்து ஐதீகம். நாராயண குரு தவமிருந்த குகையும் அதில் உண்டு. சிறிய மலைதான். ஆயினும் கால் நடுங்க ஏறி உச்சியில் நின்று, ஒருபக்கம் வயலும் தென்னையும் மறுபக்கம் கடலுமாகப் பார்க்கிறவனுக்குச் சற்றுநேரம் பேச்சு வராது. எவரெஸ்டுக்குப் போகிறவனின் பித்தும் இதே பித்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது, அளவுதான் வேறு. ஆகவே மலையேறிகளைக் கிறுக்கர்கள் என்று எளிதில் ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை.

ஆனால் அளவு மாறும்போது விலையும் மாறிவிடுகிறது. 8,849 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, நம் கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அங்கே மூளை மங்குகிறது. எப்போது திரும்ப வேண்டும் என்று கணிக்கும் தெளிவும் அதனோடு போய்விடுகிறது. 1996 மே 10 அன்று பிற்பகல் 2 மணிக்குப் பின்னரும் பலர் உச்சி நோக்கி ஏறிக்கொண்டிருந்தனர். அன்று மூண்ட புயலில் 8 பேர் மாண்டனர். அவர்களில் 3 பேர் இந்திய-திபெத் எல்லைக் காவல் படையினர்.

தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமை உண்டு என்பார்கள். ஏற்றுக்கொள்ளலாம். அந்தப் பணயம் அவனுடையது மட்டும்தானா என்பதே என் கேள்வி. 1922 ஜூன் மாதம் மாலரியின் குழு பனிச்சரிவில் சிக்கியபோது இறந்த 7 பேரும் சுமைதூக்கிகள். வெள்ளையர் அனைவரும் பிழைத்தனர். 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். பிறருடைய ஆசைக்கான பாதையில் கூலிக்குச் சென்றவர்கள்.

2023 மே மாதம் தமிழகத்தின் முதல் பெண்ணாக முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சியை அடைந்தபோது நாம் மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதுதான், அந்த உழைப்பும் துணிவும் சிறியவை அல்ல. ஆனால் உச்சியில் கொடி பிடித்து நிற்பவரின் பெயர் எவருடையதாயினும், முன்னே சென்று கயிறு கட்டியவரின் பெயரையும் அதனருகே எழுதுவதுதான் முறை. மலையைச் சுமந்து வந்தவனைத் தெய்வமாக வணங்கும் மரபு நம்முடையது. அப்படியிருந்தும் அந்தப் பெயர்களை நாம் கேட்பதில்லை. இதை எழுத உட்காரும்வரை நானும் கேட்டதில்லை.