வைகறையும் வண்டியோட்டியும்

பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பகுத்து, சிறுபொழுதை ஆறாக வகுத்தனர் நம் முன்னோர். மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என்னும் அவை ஒவ்வொன்றும் பத்து நாழிகை அளவின. மருதத்திணைக்குரிய வைகறை, பின்னிரவு 2 மணி தொடங்கிக் காலை 6 மணி வரை நீள்வது. இதனை நாம் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்தார். அவர்தம் தந்தை நாமக்கல் பகுதியிலிருந்து வடமாநிலங்களுக்குச் சரக்கு லாரி ஓட்டுபவர். “ஐயா, எங்கள் வீட்டில் எல்லோரும் அஞ்சும் பொழுது அதுதான். ஆறு மணிக்கு அத்தா பேசிய பிறகே அம்மா அடுப்பு மூட்டுவார்” என்றார். இலக்கணம் கற்பிக்கச் சென்ற நாம் அன்று வாழ்க்கையைக் கற்றுத் திரும்பினோம்.

நெடுந்தொலைவுச் சரக்கு வண்டி ஓட்டுதற்கு ஏற்றது இரவா, பகலா? ஓட்டுநர் பலரைக் கேட்பின் ‘இரவே’ என்பர். அதற்குக் காரணங்கள் உண்டு. கோடைப் பகலில் தார்ச்சாலை கொதிக்கும். டயர் சூடேறி வெடிக்கும். எஞ்சின் அருகே அமர்ந்திருப்பவர் உடல் வேகும். 2025 அக்டோபர் முதல் உருவாக்கப்படும் கனரக வண்டிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் எனினும், பழைய வண்டிகளுக்கு அந்நற்பேறு இல்லை. பெருநகர்கள் பலவற்றில் பகலில் கனரக வண்டி நுழையத் தடையுண்டு. கோயம்பேட்டுக்குச் செல்லும் காய்கறி விடியுமுன் இறங்கியாக வேண்டும். இரவில் சாலையும் ஒழிந்து கிடக்கும். ஆதலின் இரவை விரும்புதல் இயல்பே.

ஆயினும் மனித உடல் இவ்வாதங்களைக் கேட்பதில்லை. உடலுக்குள் இயங்கும் கடிகாரம் பின்னிரவு 2 முதல் 6 வரை உறக்கத்தை மிகுவிக்கும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. உண்ட பிற்பகலிலும் சிறிது தளர்ச்சி தோன்றும். எனினும் வைகறைக்கு அஃது ஈடாகாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கும். மூன்று நொடி இமை மூடின், 66 மீட்டர் தொலைவு வண்டி கண்ணின்றி ஓடும். எதிரே, பின்விளக்கின்றிச் சாலையோரம் நிற்கும் மற்றொரு லாரி இருப்பின் என்னாகும்? தேநீர் உறக்கத்தைச் சற்றே ஒத்திவைக்குமேயன்றி, உறக்கத்திற்கு ஈடாகாது.

அங்ஙனமாயின் இரவு ஓட்டத்தையே தடுத்துவிடலாமா? அது தீர்வன்று என்பதே நம் கருத்து. எல்லா வண்டிகளும் பகலில் இறங்கின் சாலை தாங்காது. மேலும், குற்றம் இரவின்மேல் மட்டும் இல்லை. பகல் பறிக்கப்பட்டதில் உள்ளது. சரக்கிறக்கச் சென்ற ஓட்டுநர் கிடங்கு வாயிலில் பகல் முழுதும் காத்திருக்கிறார். வரிசை நகரும்போதெல்லாம் வண்டியை நகர்த்த வேண்டுமாதலின் உறங்க இயலாது. மாலையில் சரக்கு இறங்கியதும் அடுத்த பாரம் ஏறுகிறது. பகலில் உறங்காதவரே இரவில் ஓட்டுகிறார். நடைக்குக் கூலி என்னும் முறையில், ஓய்ந்த நேரம் கூலியில்லா நேரமன்றோ?

சட்டம் இதனை அறியாததன்று. நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரைமணி ஓய்வும் விதித்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் அதனை ஏற்றது. நாடு முழுதும் செல்லும் உரிமம் பெற்ற சரக்கு வண்டியில் இரண்டு ஓட்டுநர் இருத்தல் வேண்டும் என்றிருந்த விதியோ 2018இல் தளர்த்தப்பட்டது. உப்பு விற்ற உமணர், மேடும் பள்ளமும் நிறைந்த வழியை எண்ணி, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் எனப் புறநானூறு காட்டும். அச்சுக்கு மாற்று வேண்டும் எனக் கண்ட மரபில் வந்த நாம், ஆளுக்கு மாற்று வேண்டா என்று விட்டது முறையோ?

நாம் வேண்டுவன மூன்று. வைகறை நான்கு மணி நேரம் தனி ஓட்டுநர் வண்டியை நிறுத்தி உறங்க உரிமையாளர் இசைதல் வேண்டும். அதற்கேற்பச் சரக்கு சேரும் நேரத்தைக் கணக்கிடுதல் வேண்டும். நெடுஞ்சாலைதோறும் காவலும் குளியலறையும் உள்ள நிறுத்துமிடங்கள் போதிய அளவில் அமைதல் வேண்டும். கிடங்கில் காத்திருக்கும் நேரத்திற்குச் சரக்குக்குரியோர் ஊதியம் தருதல் வேண்டும். அப்போது காத்திருப்பு தானே குறையும்.

காட்டு விலங்குகளுக்கு வழிவிடப் பந்திப்பூர்ச் சாலையில் 2009இலும், திம்பம் மலைப்பாதையில் 2022இலும் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. அது நன்றே. யானைக்கும் புலிக்கும் இரவை ஒதுக்க முடிந்த நாட்டில், ஓட்டுநர்க்கு ஒரு சிறுபொழுதை ஒதுக்க முடியாதா? காலையில் நம் கைக்கு வரும் முட்டையும் காயும் யாரோ ஒருவர் உறங்காத இரவின் விளைவு. அதன் உண்மை விலையை அறிதல் நம் கடன். அம்மாணவரின் இல்லத்தில் ஆறு மணிக்கு முன்பே, அச்சமின்றி, அடுப்பு எரியும் நாள் வருதல் வேண்டும்.