மூனியா, பொனான்சாவா என்று சண்டை போடும் என் பிள்ளைகளுக்கு



நம் பழைய மாணவர் குழுவில் ஒரு வாரமாக ஒரே சண்டை. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் விமானம் ஓட்ட உரிமம் வாங்கிவிட்டார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளியில் தரையில் உட்கார்ந்து படித்த பிள்ளைகள் ஆகாயத்தில் பறப்பதில் எனக்குப் பெருமைதான். இப்போது சொந்தமாகப் பழைய விமானம் வாங்கப் போகிறார்களாம். ஒற்றை இஞ்சின், சக்கரம் உள்ளே மடங்குகிற ரகம். மூனியா, பொனான்சாவா, பைப்பர் ஆரோவா என்று விவாதம். ஒவ்வொருவரும் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: வேகம்.

"சாருக்கு டிவிஎஸ் பிப்டியைத் தவிர என்ன தெரியும்" என்று சிரிப்பீர்கள். விமானம் ஓட்டத் தெரியாதுதான். இயற்பியல் தெரியும், வகுத்தல் கணக்குத் தெரியும், விபத்து விசாரணை அறிக்கையைப் படிக்கத் தெரியும். அது போதும். வேகத்தைப் பார்த்து விமானம் வாங்குவது முட்டாள்தனம் என்கிறேன்.

முதலில் கணக்கு. 500 கிலோமீட்டர் பயணம் என்று வையுங்கள். ஆரோ மணிக்கு சுமார் 250 கிலோமீட்டர். 2 மணி நேரம் ஆகும். மூனி 201 என்கிற எம்20ஜே சுமார் 290; 1 மணி 43 நிமிடம். பொனான்சா சுமார் 305. 1 மணி 38 நிமிடம். ஆக, மிக மெதுவானதற்கும் மிக வேகமானதற்கும் வித்தியாசம் 22 நிமிடம். விமான நிலையத்துக்குக் காரில் போகும்போது ஒரு டீ குடித்தால் அதில் பாதி போய்விடும். இதற்காகவா இத்தனை சண்டை?

இனி, நீங்கள் பேசாத விஷயங்கள்.

பொனான்சா 1947-இல் வந்த நல்ல விமானம்தான். ஆனால் அதன் எரிபொருள் தொட்டி இறக்கையின் முன்பக்கம் இருக்கிறது. எண்ணெய் தீரத் தீர ஈர்ப்பு மையம் பின்னால் நகரும். பின் இருக்கையில் ஆளும் பெட்டியும் ஏற்றிக் கிளம்பும்போது சரியாக இருந்த கணக்கு, இறங்கும்போது தப்பாகலாம். பழைய பொனான்சாக்களில் சக்கரத்தின் சுவிட்சும் இறக்கை மடிப்பின் சுவிட்சும் மற்ற விமானங்களுக்கு நேர்மாறான இடத்தில் இருக்கும். தரையில் ஓடும்போது மடிப்பைத் தூக்குவதாக நினைத்துச் சக்கரத்தையே தூக்கியவர்கள் பலர். 1980-இல் அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் இதைப் பற்றித் தனி ஆய்வே வெளியிட்டது.

மூனி சிக்கனமானது. ஆனால் உள்ளே இடம் குறுகல். இறக்கையே தொட்டி என்பதால் பழையவற்றில் பூச்சு விட்டுப்போய் எண்ணெய் கசியும். அதைச் சரிசெய்வது சில்லறைச் செலவு இல்லை.

ஆரோ சாது. அதற்கும் ஒரு பாடம் உண்டு. 2018 ஏப்ரல் 4 அன்று புளோரிடாவின் டேடோனா பீச்சில் பயிற்சியில் இருந்த ஒரு ஆரோவின் இறக்கை நடுவானில் கழன்று இரண்டு பேர் இறந்தார்கள். முதன்மைத் தாங்கியில் உலோகச் சோர்வால் வந்த விரிசல். அதன்பின் அதிகம் உழைத்த விமானங்களில் அந்த போல்ட் துளைகளைச் சோதிக்க உத்தரவு வந்தது. சோதிக்கும் முறை என்ன தெரியுமா? பன்னிரண்டாம் வகுப்பில் நான் நடத்திய சுழல் மின்னோட்டம்தான்!

மணப்பாறைச் சந்தையில் மாடு வாங்குகிற நம் ஊர்ப் பெரியவர் கொம்பின் அழகைப் பார்த்துப் பணத்தை எண்ணிவிட மாட்டார். வாயைத் திறந்து பல் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். விமானத்துக்குப் பல் என்பது அதன் பதிவேடு. முதல் நாளிலிருந்து விடுபடாமல் இருக்கிறதா? விற்பவருக்கு வேண்டாத, உங்களுக்கு வேண்டிய மெக்கானிக் பிரித்துப் பார்த்தாரா? "குறைவாகத்தான் ஓடியிருக்கிறது" என்று சொன்னால் மகிழாதீர்கள். கொட்டகையில் சும்மா நின்ற லைக்கமிங் இஞ்சினில் கேம் ஷாஃப்ட் துருப்பிடிக்கும். ஓடாத வண்டியைவிட ஒழுங்காக ஓடிய வண்டி மேல்.

"வேகமான விமானம் இருந்தால் மழைக்கு முன்னால் போய்ச் சேரலாமே சார்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். 1999 ஜூலை 16 இரவு இளைய ஜான் கென்னடி ஓட்டியது பைப்பர் சரடோகா. ஒற்றை இஞ்சின், மடங்கும் சக்கரம், பழையதாக வாங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தது. விமானத்தில் எந்தக் கோளாறும் கண்டுபிடிக்கப்படவில்லை. கடல்மேல் இருட்டு, புகைமூட்டம். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் அவரிடம் இல்லை. மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் போனது. அவரும் மனைவியும் மனைவியின் அக்காவும் போய்விட்டார்கள். அவருக்குக் குறைவாக இருந்தது வேகம் இல்லை, பழக்கம்.

ஆகவே என் தீர்ப்பு இது. வாரம் தவறாமல் பறக்கிறவர், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் உள்ளவர், நான்கு பேர் குடும்பம் என்றால் நேர்வால் பொனான்சா வாங்குங்கள். தனியாகவோ இருவராகவோ தூரம் போகிறவருக்கு மூனி. மாதம் இரண்டு முறை பறக்கிறவருக்கு ஆரோவே அதிகம். அதற்கும் குறைவு என்றால் சக்கரம் மடங்காத செஸ்னா 182 போதும். மடங்காத சக்கரத்தை இறக்க மறந்தவர் எவரும் இல்லை! மறந்தால் ப்ரொப்பெல்லர் தரையில் அடித்து இஞ்சினையே பிரிக்க வேண்டும்.

மிச்சமாகும் பணத்தில் எண்ணெய் போட்டுப் பயிற்சி ஆசிரியரோடு பறங்கள். பின் இருக்கையில் உட்காரும் உங்கள் பிள்ளைகளுக்கு அப்பா எத்தனை நிமிடம் முந்தினார் என்பது ஒரு பொருட்டே இல்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். கணக்கோடு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்