கண்ணு எங்களுது, ஆராய்ச்சி யாருது?

அறுப்பு நேரத்தில் எங்கம்மாவின் வலது கண்ணில் நெல்லுத்தாள் கிழித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி நாக்கால் துழாவித் தூசி எடுத்தாள். தாய்ப்பால் விட்டார்கள். மருந்துக்கடையில் ஏதோ சொட்டு மருந்து கொடுத்தார்கள். மூணு வாரம் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, "பூ விழுந்துருச்சும்மா, இனிமே தெரியாது"ன்னு சொல்லிட்டாங்க. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணோடு கூலி வேலை செய்துதான் என்னைப் படிக்க வைத்தாள்.

வயல்வெளிக் காயத்தில் பூஞ்சை புகுந்தால் கருவிழி புண்ணாகும், ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து அந்தப் பூஞ்சையை இன்னும் கொழுக்க வைக்கும் என்பதெல்லாம், கண் நோய் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

1993இல் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்குப்படி, வருஷத்துக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்கக் கணக்கைப்போலப் பத்து மடங்கு. பூஞ்சைப் புண்ணில் மாட்டுகிறவர்கள் அதிகமும் வயலில் உழைப்பவர்கள். நிலமில்லாமல் வயலில் உழைப்பவர்கள் யார் என்று இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னிந்தியாவில் 323 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. விலை உயர்ந்த வோரிகொனசோலைவிடப் பழைய நேட்டமைசினே மேல் என்று அது காட்டியது. உலகமே படிக்கிற பாடம். அந்த ஆய்வு வேண்டியதுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை வேறு. கண்ணைக் கொடுப்பது நாம். அதைப் பார்க்கப் பழக்கப்படுவது யார்?

நான் சேர்ந்த இடத்தில், "உனக்கு இங்கிலீஷ் வராது தம்பி, அந்த ஜனங்க பாஷை தெரியும், நீ ஃபீல்டுக்குப் போ" என்றார் நெறியாளர். ரெண்டு வருஷம் சேரி சேரியாக அலைந்து படிவம் நிரப்பினேன். மைக்ராஸ்கோப்பும் புள்ளியியல் வகுப்பும் கருத்தரங்கும் மற்றவர்களுக்கு. ஏழு மாசம் உதவித்தொகை வரவில்லை. கட்டுரை வந்தபோது என் பெயர் கடைசியில், நன்றி சொல்கிற வரியில்.

தாமதமாக வரும் பெண்களைப் பற்றி 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதினார்கள். ஒருநாள் கூலி போகும், பஸ்ஸுக்குக் காசில்லை, துணைக்கு ஆளில்லை என்று எழுதப் படிவத்தில் கட்டமே கிடையாது. கேட்டேன். "அது சயின்ஸ் இல்லப்பா" என்றார்கள். எங்கம்மா மூணு வாரம் கழித்து வந்ததற்குக் காரணம் அந்தக் கட்டத்துக்குள்தான் இருந்தது.

என் ஒருத்தன் கதை என்று தள்ளாதீர்கள். நாட்டின் தலைமைக் கண் மையம் 1967 முதல் தில்லி எய்ம்ஸில் இருக்கிறது. அதே எய்ம்ஸ் பற்றி 2007இல் தோரட் குழு அறிக்கை தந்தது. விடுதியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் தனி மாடிகளுக்கு ஒதுங்க நேர்ந்ததை அது பதிவு செய்தது. பார்வை பாதி கண்ணில், பாதி மூளையில். 2019ஆம் ஆண்டின் ஆசிரியர் இடஒதுக்கீட்டுச் சட்டமோ, மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உட்படச் சில நிறுவனங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. நாம் நுழைந்தால் தகுதி கெட்டுவிடுமாம்! கேட்க வேண்டிய கேள்வியையே கேட்கத் தெரியாததுதான் இவர்களுடைய தகுதியா?

பயிற்சி என்பது பிச்சை அல்ல. உதவித்தொகை மாசாமாசம் வரணும். புள்ளியியலும் ஆய்வகமும் முதல் வருஷமே கற்றுத் தரணும். இங்கிலீஷைக் கேலி பண்ணாமல் எழுதச் சொல்லித் தரணும். கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதைக் களத்துக்கு அனுப்பும் முன்னாடியே எழுதித் தரணும். படிவத்தில் என்ன கேள்வி இருக்கணும் என்று முடிவு பண்ணுகிற மேசையில் நமக்கும் நாற்காலி வேணும்.

எங்கம்மா இன்னும் கேட்கிறாள்: "என் கண்ணப் பத்தி எழுதுனியாய்யா?"

இப்பத்தான் எழுதியிருக்கேன்மா. அவங்க பத்திரிகையில இல்ல. நம்ம பத்திரிகையில.