"உம்மா, ஏச மாட்டீங்கதானே?"



சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் விருந்து முடிந்து சஹன்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். பல வருடங்களாக எனக்குப் பழக்கமான ஒரு சகோதரி என் கையைப் பிடித்துப் பின்வாசல் பக்கம் கூட்டிப் போனார். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு 15 வயது, தரம் 10 படிக்கிறாள். "ஒங்களுக்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்" என்று தொடங்கியவர் அழுதே விட்டார். பெயரும் ஊரும் வராமல் எழுதுகிறேன் என்று அவரிடம் அனுமதி வாங்கித்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

மகள் இரண்டு வாரமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லையாம். இரவில் லைட்டை அணைக்க விடுவதில்லையாம். கண்ணூறாக இருக்கும் என்று தண்ணீர் ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். சோதனைப் பயம் என்று மாமி சொல்லியிருக்கிறார். ஒரு நாள் நடுச்சாமத்தில் பிள்ளை தாயின் படுக்கைக்கு அருகில் வந்து நின்று, "உம்மா, ஒரு விஷயம் சொன்னா ஏச மாட்டீங்கதானே?" என்று கேட்டிருக்கிறாள். ஏசமாட்டேன் என்றுதான் இவரும் சொன்னார். ஆனால் விஷயத்தைக் கேட்டு முடிக்கு முன்னரே கை ஓங்கிவிட்டது.

நடந்தது இதுதான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது பாடங்களெல்லாம் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கின அல்லவா? அதற்காகத் தகப்பன் வாங்கி அனுப்பிய போன், பாடசாலைகள் திறந்த பின்னரும் பிள்ளையின் கையிலேயே இருந்துவிட்டது. இப்போது பாடத்துக்கு ஒரு குரூப், டியூஷனுக்கு ஒரு குரூப், கடந்தகால வினாத்தாளுக்கு இன்னொரு குரூப். ஒரு குரூப்பில் சேர்ந்தால் அதில் உள்ள அத்தனை பேருக்கும் நமது நம்பர் தெரியும். இதைப் பல தாய்மார் யோசிப்பதே இல்லை.

அப்படி ஒரு வினாத்தாள் குரூப்பிலிருந்து நம்பரை எடுத்த ஒருவன், ஒரு பெண்பிள்ளையின் பெயரில் செய்தி அனுப்பியிருக்கிறான். முதல் வார்த்தையே ஸலாம்! ஸலாம் சொன்னால் பதில் சொல்ல வேண்டும் என்றுதானே நாம் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறோம். இவளும் பதில் சொன்னாள். மூன்று வாரம் கணக்கும் விஞ்ஞானமும் பேசியிருக்கிறார்கள். "ஒங்கட முகத்த நான் பார்த்ததே இல்லையே, நானும் பொம்பளப் புள்ளதானே" என்று கேட்டு, முதலில் ஒரு பெண்ணின் படம் வந்திருக்கிறது. இவளும் வீட்டு உடுப்பில், தலையில் முந்தானை இல்லாமல் இருந்த ஒரு படத்தை அனுப்பியிருக்கிறாள். மறுநாள் பேசியது ஆண் குரல். இன்னும் படம் வேண்டுமாம். இல்லாவிட்டால் இந்தப் படம் கட்டாரிலுள்ள வாப்பாவுக்குப் போகுமாம். வாப்பாவின் முழுப்பெயரையும் சொல்லியிருக்கிறான்.

வாப்பாவின் பெயர் அவனுக்கு எப்படித் தெரிந்தது? அந்தச் சகோதரியே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கணவர் விடுமுறை முடிந்து போகும்போது விமான நிலையத்தில் எடுத்த குடும்பப் படத்தைத் தனது பேஸ்புக்கில் போட்டிருந்தாராம், எல்லோருடைய பெயரோடும். பரிசளிப்பு விழாப் படமும் அங்கேதான் இருந்ததாம், பாடசாலைச் சீருடையோடும் பட்ஜோடும்.

பிள்ளைகளைப் பற்றிப் பேசுமுன் நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேசத்தான் வேண்டியிருக்கிறது.

இணையப் பாதுகாப்பு பற்றி எழுதுபவர்கள் ஆபாசப் படங்களைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள். நமது வீடுகளில் அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. தலை மூடாத ஒரு சாதாரணப் படம் போதும், ஒரு பிள்ளையை இரண்டு வாரம் பட்டினி போட. இப்போது நிலைமை இன்னும் மோசம். முகம் மட்டுமுள்ள படத்தை எடுத்து, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எந்த உடம்போடும் பொருத்திவிடுகிறார்கள். ஆகவே உங்கள் மகள், "உம்மா, அது நான் இல்லை" என்று சொன்னால், தயவுசெய்து முதலில் அவளை நம்புங்கள்.

கனடாவில் அமென்டா டொட் என்ற பிள்ளைக்கு நேர்ந்ததை உலகமே அறியும். இணையத்தில் பழகிய ஒருவன் அவளுடைய ஒரு படத்தை வைத்து மிரட்டினான். படத்தைப் பரப்பவும் செய்தான். பாடசாலை மாறினாள், அங்கும் படம் வந்தது. 2012 ஒக்டோபரில், 15 வயதில், அந்தப் பிள்ளையின் உயிரே போய்விட்டது. மிரட்டியவன் அவளை ஒரு நாளும் நேரில் கண்டதில்லை. கடலுக்கு அப்பால் நெதர்லாந்தில் உட்கார்ந்திருந்தான். 2022 இல்தான் கனடா நீதிமன்றம் அவனைக் குற்றவாளியாகக் கண்டு 13 வருடச் சிறைத்தண்டனை விதித்தது.

இந்த மாதிரி ஆட்களின் கையில் இருப்பது படம் மட்டுமல்ல. "வீட்டில் தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார்கள்" என்று பிள்ளை நினைக்கிறாளே, அந்தப் பயத்தையும் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் இழுக்கிறார்கள். தாய்க்குத் தெரிந்துவிட்டால் அவன் பிடியில் பாதி போய்விடும்.

இனி, அந்தச் சகோதரி அன்றிரவு என்ன செய்தார் தெரியுமா? போனைப் பறித்தார். செய்திகள் எல்லாவற்றையும் அழித்தார். சிம்மை எடுத்து உடைத்தார். கோபத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள், நானும் செய்திருப்பேன். ஆனால் அழித்தவை எல்லாம் சாட்சிகள்! முறைப்பாடு செய்யப் போனால் பொலிஸார் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

ஆகவே இப்படி ஒன்று வந்தால் (அல்லாஹ் எல்லா வீடுகளையும் காப்பாற்றுவானாக) முதல் வேலை எதையும் அழிக்காமல் வைப்பது. அந்த நம்பர், பெயர், செய்திகள், திகதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். வேறொரு போனால் படம் பிடித்து வைத்தாலும் சரிதான். அதன் பிறகு அவனை ரிப்போர்ட் செய்து புளொக் பண்ணுங்கள். கெஞ்சிப் பதில் எழுத வேண்டாம். கேட்பதைக் கொடுக்கவே வேண்டாம். ஒரு படம் கொடுத்தால் பத்துக் கேட்பான், ஐயாயிரம் ரூபா கொடுத்தால் ஐம்பதாயிரம் கேட்பான்.

அடுத்தது 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவசத் தொலைபேசி இலக்கம் இது. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். இந்தச் சபை 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. பொலிஸ் நிலையங்களில் உள்ள சிறுவர், பெண்கள் பிரிவிலும் முறைப்பாடு செய்யலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் ஆபாசப் படங்களை எடுப்பதும் வைத்திருப்பதும் பரப்புவதும் நமது நாட்டில் 1995 முதல் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். "பொலிசுக்குப் போனால் ஊருக்குத் தெரியும், நாளைக்கு நல்ல சம்பந்தம் வராது" என்று சொல்வோர் உண்டு. அவர்களுடைய பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் நாம் மூடி வைத்தால் அந்த மனிதன் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஸலாம் சொல்லப் போவான்.

உண்மையிலேயே உடல் தெரியும் படம் போய்விட்டதென்றால் 'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவச சேவை உண்டு. காணாமற்போன, துன்புறுத்தப்பட்ட சிறுவர்களுக்கான அமெரிக்காவின் தேசிய நிலையம் அதை நடத்துகிறது. படம் நமது போனை விட்டு வெளியே போகாது. படத்தின் கைரேகை போன்ற ஓர் அடையாளக் குறி மட்டும்தான் போகும். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற இடங்களில் அந்தக் குறியை வைத்துத் தேடி அகற்றுவார்கள். பெயர் கூடக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் வட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதை அதனால் தடுக்க முடியாது.

"எனக்கு எல்லாம் ஆண்பிள்ளைகள், பயமில்லை" என்று ஒரு தாய் ஒரு முறை என்னிடம் சொன்னார். இல்லை சகோதரி! பணம் பறிப்பதற்காக மிரட்டுபவர்களிடம் அதிகம் மாட்டுவது 14 முதல் 17 வயது வரையான ஆண்பிள்ளைகள்தான் என்று அமெரிக்காவின் எப்.பீ.ஐ. எச்சரித்திருக்கிறது. பெண்ணைப் போலப் பேசி, படம் வாங்கி, அதே நாளில் காசு கேட்பார்கள். பெண்பிள்ளையாவது உம்மாவிடம் வருவாள். ஆண்பிள்ளை யாரிடம் போவான்? விளையாட்டுகளிலும் இதே கதைதான். பிரீ பயர் விளையாடும்போது மகன் ஹெட்போனில் யாருடன் பேசுகிறான் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இனி கையோடு செய்யக்கூடியவை. இன்றைக்கே பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி என்ற இடத்துக்குப் போங்கள். புரொபைல் படத்தையும் ஸ்டேட்டஸையும் 'மை கொன்டக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். குரூப்ஸ் என்பதையும் அப்படியே மாற்றுங்கள். கண்டவரெல்லாம் நேரடியாகக் குரூப்பில் போட முடியாது. தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்புகளை ஒலிக்காமல் செய்யவும் அங்கே வசதி உண்டு. வகுப்புக் குரூப்பைப் பிள்ளையின் போனில் அல்ல, உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப், பேஸ்புக் இரண்டுக்கும் ஆகக் குறைந்த வயது 13. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொய்யான பிறந்த ஆண்டைப் போட்டுக் கணக்குத் திறந்து கொடுப்பது யார்? அநேகமாக நாம்தான், அல்லது மச்சான்மார்.

அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பேஸ்புக், டிக்டொக் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாதபடி சட்டம் நடைமுறைக்கு வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் வட்ஸ்அப் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. நான் சொன்ன இந்தப் பிள்ளையை அந்தச் சட்டமும் காப்பாற்றியிருக்காது.

இரவில் போன்கள் எல்லாம் ஹோலில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும், நமது போனும் சேர்த்து! நாம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு பிள்ளைக்கு மட்டும் சட்டம் போட்டால் அது ஒரு வாரமும் நிற்காது. களவாகப் பிள்ளையின் போனைத் தோண்டுவதையும் நான் விரும்புவதில்லை. "நான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு, அவளை வைத்துக்கொண்டே பாருங்கள்.

அந்தச் சகோதரியின் விஷயத்துக்கு வருகிறேன். சாட்சி எல்லாம் அழிந்துவிட்டதே என்று இருந்தபோது, மகளின் சிநேகிதி ஒருத்திக்கும் அதே நம்பரிலிருந்து செய்தி வந்திருந்தது தெரியவந்தது. அவள் பயத்தில் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் அழிக்கவும் இல்லை. இரண்டு தாய்மாரும் சேர்ந்துதான் போய் முறைப்பாடு கொடுத்தார்கள்.

அதற்கு முதல்நாள் இரவு, அவன் சொல்லுமுன் தானே சொல்லிவிட வேண்டும் என்று, இவர் கணவருக்குக் கோல் எடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னாராம். அந்தப் பக்கம் நீண்ட நேரம் சத்தமே இல்லையாம். பிறகு, "மகளுக்கிட்ட போனக் குடுங்க" என்றாராம். பிள்ளை நடுங்கிக்கொண்டே வாங்கியிருக்கிறாள்.

"சாப்பிட்டீங்களா மகள்?" என்று கேட்டாராம் வாப்பா.